திம்மராயன் இடம்

ஆஞ்சப்பன் கால்பந்து விளையாடிப் பிழைத்தவன். விளையாட்டுக்காரன் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. கூலிக்குக் கதிர் அறுக்கிறவனை யாரும் மாலை போட்டு மெச்சுவதில்லை, நானும் அந்த ஜாதிதான் என்பான். கூப்பிட்ட ஊருக்குப் போவான். கொடுத்த சட்டையைப் போட்டுக்கொள்வான். எதிராளியின் கோலுக்கு முன்னால் நிற்பான், பந்து வந்தால் உள்ளே தள்ளுவான். சீசன் முடிந்தால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்.

பிறந்தது ராயக்கோட்டை. மீசை முளைக்கும் முன்னே பெங்களூருக்கு ஓடிப் போனான். அங்கே தண்டு என்கிற பட்டாளக் குடியிருப்பில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பூட்சுக் கால்களுக்கு நடுவே வெறுங்காலில் ஆடிக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு துணி மில், மைசூரில் ஒரு போலீஸ் அணி, தங்கவயல், சிக்மகளூரில் ஒரு காப்பித் தோட்டம், மெட்ராஸில் ஒரு கப்பல் சாமான் கம்பெனி. எல்லா இடத்திலும் ஒரு வேலை கொடுப்பார்கள். மூட்டைக்குக் காவல் நிற்பது, கேட்டைத் திறந்து மூடுவது. கோல் விழுகிற வரைக்கும்தான் அந்த வேலை. நாலு ஆட்டம் சும்மா போனால் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அடுத்த ஆட்டத்தில் சட்டைக்குள் வேறொருவன் இருப்பான்.

இத்தனை வருஷத்தில் அவன் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். எந்த அணியும் ஆள் வேண்டும் என்று அவனைக் கூப்பிடுவதில்லை. ஆள் போய்விட்டதால்தான் கூப்பிடுகிறது. ஒருவன் காலை ஒடித்துக்கொண்டிருப்பான், ஒருவன் மேஸ்திரி பெண்டாட்டியோடு ஓடியிருப்பான். ஆள் போனாலும் அவன் நின்ற இடம் போகாது. மைதானத்தில் பள்ளம் மாதிரிக் கிடக்கும். கூட விளையாடுகிறவர்கள் பழக்கத்தில் அந்தப் பள்ளத்துக்குத்தான் பந்தை அனுப்புவார்கள், புதிதாக வந்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க மாட்டார்கள். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஒரே நாளில் மோப்பம் பிடித்து அதில் போய் விழுவதுதான் ஆஞ்சப்பன் தொழில். அவனுடைய வேகத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியாது.

ஐம்பத்து நாலாம் வருஷம் அவன் வலது முழங்கால் கெட்டுப்போயிற்று. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஓடித் திரும்பும்போது மட்டும் உள்ளே எலும்பில் யாரோ ஆணி இறக்குவது மாதிரி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிழைப்பு அன்றோடு சரி. ஒரு காரியம்தான் பாக்கி என்று வைத்திருந்தான். கால் முழுதாகக் கைவிடும் முன்னால் எங்கேயாவது ஒரு நிரந்தர வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பந்து உருண்டாலும் உருளாவிட்டாலும் இருக்கிற வேலை.

அந்த ஆவணியில் ஓசூரிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

ஓசூருக்கு வெளியே பாகலூர் ரோட்டில் அப்போது கூரை ஓடு சுடுகிற ஒரு ஓட்டுக் கம்பெனி இருந்தது. பந்து அணியைப் பார்த்துக்கொண்டவர் அங்கே மேஸ்திரியாக இருந்த நாராயணப்பன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, ஆஞ்சப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அது? வயசு ஆயிட்டாப்ல இருக்குதே.”

“வேணாம்னா சொல்லிடுங்க. நான் வந்த பஸ்ஸு இன்னும் நிக்குது.”

“கோவத்தப் பாரு. குந்து. டீ சாப்புடு.” நாராயணப்பன் குரலைத் தாழ்த்தினார். “கிருஷ்ணகிரில டோர்ணமென்ட்டு. மொத தடவை பேரு குடுத்திருக்கறோம். கப்ப கொண்டாந்துட்டா உனக்குக் கம்பெனில பர்மனென்ட் வேலை.”

“யாரு சொன்னது?”

“மொதலாளி.”

“மொதலாளி எங்க?”

“ஊருக்குப் போயிருக்கறாரு.”

“நான் கேக்கறப்பெல்லாம் எல்லா மொதலாளியும் ஊருக்குத்தான் போயிருப்பாங்க,” என்றான் ஆஞ்சப்பன். ஆனாலும் எழுந்து போகவில்லை. நாராயணப்பன் அதைக் கவனித்துக்கொண்டார்.

“ஒரு சிக்கல் இருக்குது. கம்பெனில வேலை செய்யறவன்தான் ஆடணும்னு சட்டம். பேரெல்லாம் முன்னாலயே குடுத்தாச்சு. குடுத்த பொறவு ஒருத்தன் செத்துட்டான். மண்ணு வெட்டற குழியில சரிஞ்சுது. திம்மராயன்னு பேரு. நீ அவன் பேர்ல ஆடணும்.”

“வேற பேர்ல ஆடறது புதுசில்ல. செத்தவன் பேர்ல ஆடினதில்ல.”

“பேருதானய்யா. பேரு என்னா கடிக்குமா?”

மைதானத்தில் ஆள்மாறாட்டம் அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் நடந்தது. ஆஞ்சப்பனே கோபால் ராவாக இருந்திருக்கிறான், சின்னதுரையாக இருந்திருக்கிறான். ஆனால் நாராயணப்பன் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். அதை ஆஞ்சப்பன் அன்று சாயங்காலம் தானாகத் தெரிந்துகொண்டான்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அவனைக் கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடு ஒன்றில் விட்டார்கள். செத்தவனுடைய தாயார் மாதம்மாள் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு. மகன் போனபிறகு தனியாக இருந்தாள். வாசற்படிக்கு உள்பக்கம் மூலையில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர்.

ஆஞ்சப்பன் படி தாண்டாமல் நின்றான். சாவு வீட்டில் கருமாதி ஆகும் வரைக்கும் விளக்கும் தண்ணீரும் வைப்பார்கள். போனவன் போக வழி தெரியாமல் அலைவான், தாகம் எடுத்தால் வீட்டுக்குத்தான் வருவான் என்று. பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் காரியம் செய்து, வழி காட்டி அனுப்பிவிட்டால் விளக்கை எடுத்துவிடுவார்கள்.

“இன்னும் காரியம் ஆவலயா?” என்று கேட்டான்.

“பதினாறு போயி எத்தினியோ நாளாச்சு,” என்றாள் மாதம்மாள். “நாராயணப்பன் வேணாங்கறான். காரியம்னா பங்காளி, மாமன், மச்சான் ஊரு ஊருக்குச் சேதி போவும், கிருஷ்ணகிரி வரைக்கும் தெரிஞ்சு போவும், பந்தாட்டம் கெட்டுடும்னான். ஆட்டம் முடியட்டும்னான். நான் இருக்கறது அவங்க வூடு. என்னா பேசறது?”

பிறகு அவன் பாதங்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அவனுக்கு இத்தினி பெரிசு இல்ல,” என்று சொல்லி, துவைத்து மடித்து வைத்திருந்த மகனின் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அது ஆஞ்சப்பனுக்குத் தைத்தது மாதிரி இருந்தது.

மறுநாள் பயிற்சியில் ஆஞ்சப்பன் வழக்கம்போலப் பள்ளத்தைத் தேடினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. இடது ஓரத்தில் ஓடுகிறவன் ஜமீர் அகமது, சூளையில் விறகு தள்ளுகிறவன், வாய்த்துடுக்கு ஆசாமி. அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, தலையைத் தூக்காமலே, கோலுக்கு இடப்பக்கமாக ஒரே இடத்துக்கு அடித்தான். அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மன்னிச்சுக்கண்ணா. காலு கேக்க மாட்டேங்குது. அவன் அங்கதான் நிப்பான்.”

“அடி. நீ அங்கயே அடி. நான் வந்துடறன்.”

வந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். முழங்கால் விடவில்லை. பந்து அந்த இடத்தைக் கடந்து போன பிறகுதான் அவன் போய்ச் சேர்ந்தான், ஒவ்வொரு தடவையும். ஓரத்தில் நின்று நாராயணப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை. 

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அடியில் இருந்த பொட்டல் மைதானத்தில். கம்பெனி லாரியில் போனார்கள். முதல் நாள் மழை பெய்து தரை ஈரமாக இருந்தது. பாதி ஆட்டம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஜமீர் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடி, வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்கு ஓங்கி அடித்தான். ஆஞ்சப்பன் கிளம்பினான். எட்டாது என்று கிளம்பும்போதே தெரிந்தது.

பந்து நின்றது.

சேற்றில் சிக்கிய பந்து இழுத்து இழுத்து நிற்கும். இது அப்படி இல்லை. பாதத்தின் உட்புறத்தால் ஒருவன் தணிவாக வாங்கிக்கொண்டால் எப்படி நிற்கும், அப்படி நின்றது. அரைச் சுற்று சுற்றி, ஆஞ்சப்பன் வருகிற பக்கமாக ஒரு முழம் உருண்டு வந்தது. அவன் போய் உள்ளே தள்ளினான். ஜனம் கத்தியது. ஓசூர்க்காரர்கள் திம்மராயா, திம்மராயா என்று துண்டை வீசினார்கள்.

சேறு, என்று சொல்லிக்கொண்டான் ஆஞ்சப்பன். தன் காதையும் கண்ணையும் தவிர வேறெதையும் நம்பாமல் பிழைத்தவன். அன்று கண்ணையும் நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தான்.

அடுத்த ஞாயிறு வெயில். தரை காய்ந்து ஓடு மாதிரி இருந்தது, பந்து சறுக்கிக்கொண்டு ஓடியது. ஆனாலும் அந்த ஒரு இடத்துக்கு வந்தால் நின்றது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டும் கோல். இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தான். அந்த இடத்துக்குள் நுழைந்தால் முழங்கால் வலிக்கவில்லை. ஆணியை யாரோ பிடுங்கி எடுத்த மாதிரி இருந்தது. வெளியே வந்தால் மறுபடியும் வலித்தது.

திரும்பும்போது லாரியில் மற்றவர்கள் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜமீர் மட்டும் தாளம் போடாமல் ஆஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சூளகிரி தாண்டியதும் சொன்னான்:

“நான் மெதுவா அடிச்சன்னு நெனக்கிறியா?”

“நீ மெதுவா அடிச்சு நான் பாத்ததில்ல.”

“அதான் சொல்றன். நான் ஓங்கித்தான் அடிச்சன். அவன் அப்படித்தான் நிறுத்துவான். நிறுத்திட்டு ஒரு திருப்பு. எத்தினி வருஷம் பாத்திருக்கறன், எனக்குத் தெரியாதா?”

“மேடு பள்ளம் இருக்கும் பாய்.”

“இருக்கும்,” என்றான் ஜமீர். “இனிமே நான் அந்தப் பக்கம் அடிக்கல.”

“நீ அடிக்கலன்னா எனக்குச் சோறு போச்சு.”

ஜமீர் அவனைப் பார்த்தான். “உனக்குச் சோறு. அவனுக்கு என்னா?”

 ஆனாலும் அடுத்த ஞாயிறும் ஜமீர் அங்கேதான் அடித்தான். ஜெயிக்க யாருக்குத்தான் ஆசை இல்லை. பந்து நின்றது. கோல் விழுந்தது. ஓட்டுக் கம்பெனி கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது மாதம்மாள் படியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். செம்மண் கறை.

“நான் இன்னும் உள்ள வரவே இல்லையே,” என்றான் ஆஞ்சப்பன்.

“உன்னுது இல்ல. உன் பாதம் பெரிசு.” அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. “ஆட்டம் இருக்கற நாளெல்லாம் வர்றான். சொம்புத் தண்ணி காலியாயிடுது. மொதல்ல எல்லாம் ஒரு அடி, ரெண்டு அடிதான் இருக்கும். இப்ப மூலை வரைக்கும் வந்து அங்கயே குந்திடறான் போல. களைச்சுப் போறான். உசுரோட இருக்கறப்பயும் ஆட்டம் முடிஞ்சா அப்படித்தான், செவுத்துல சாஞ்சு குந்திடுவான்.”

ஆஞ்சப்பன் மூலையைப் பார்த்தான். சுண்ணாம்புச் சுவரில், உட்கார்ந்த ஆளின் முதுகு உயரத்தில், ஈரமாக ஒரு செம்மண் கறை இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

“வெள்ளிக்கெழம அமாவாசை,” என்றாள் மாதம்மாள். “யாரு என்னா சொன்னாலும் சரி. கருமாதி முடிச்சுடப் போறன். வூட்ட விட்டுத் தொரத்தினா தொரத்தட்டும்.”

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

ஆஞ்சப்பனுக்குக் கணக்கு உடனே புரிந்தது. வெள்ளிக்கிழமை அவனை அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பந்து நிற்காது. பந்து நிற்காவிட்டால் தன் கால் எட்டாது. எட்டாவிட்டால் டிரங்குப் பெட்டி, பஸ் ஸ்டாண்டு, அடுத்த ஊர். அடுத்த ஊரும் இனிமேல் கிடையாது. அவன் அந்தக் கிழவியின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சினவன் இல்லை.

“அம்மா. ஒரே ஒரு ஆட்டம். ஞாயித்துக்கெழம முடிஞ்சிடும். அதுக்கப்பறம் செய்யலாம்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுது,” என்றாள். “அவன் வர்றது உனக்குத் தெரியுது. தெரிஞ்சும் கேக்கற.”

“கேக்கறன்.”

 அவள் அகலில் திரியைத் தூண்டிவிட்டாள்.

“சரி. ஆனா ஒண்ணு. எனக்குக் கொள்ளி போடவும் ஆளில்ல, அவனுக்குக் காரியம் பண்ணவும் ஆளில்ல. பங்காளிங்களுக்குச் சேதி சொல்லவிடாம நாராயணப்பன் என் வாயைக் கட்டிட்டான். அவன் சட்டையப் போட்ட, அவன் பேரச் சொல்லிக்கிட்ட, அவன் கால வாங்கிக்கிட்ட. ஆட்டம் முடிஞ்சதும் நீதான் மொட்ட போட்டு, அவனுக்குப் பிண்டம் வெக்கணும்.”

“வெக்கிறன்,” என்றான் ஆஞ்சப்பன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பான்.

கடைசி ஆட்டத்தில் எதிரணி சேலம் பக்கத்து மில் ஒன்று. தடுக்கிறவன் மலை மாதிரி ஒரு ஆள், கங்கப்பன் என்று பேர். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஆஞ்சப்பனோடு ஒட்டிக்கொண்டே திரிந்தான். அன்று காலையிலிருந்து முழங்கால் வீங்கியிருந்தது, துணியைச் சுற்றி மறைத்திருந்தான். முதல் பாதியில் சேலத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் நாராயணப்பன் ஆஞ்சப்பன் பக்கத்தில் வந்து, தண்ணீர் கொடுத்து, “பஸ்ஸு எப்ப வேணா கெளம்பும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மலை நிழல் மைதானத்துக்குள் இறங்குகிற நேரத்தில் ஜமீர் அடித்தான். பந்து நின்றது. ஒரு கோல். சமம்.

ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் மறுபடியும் ஜமீர். இந்தத் தடவை அவனுக்குக் கால் சறுக்கி, பந்து எங்கேயோ உயரப் போயிற்று. அந்த இடத்துக்கு வரவில்லை. ஆஞ்சப்பன் ஓடினான். தன் இடப்பக்கத்தில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே ஓடுவது அவனுக்குக் கேட்டது. ஈரமண் வாசனை அடித்தது, பச்சைக் களிமண்ணின் வாசனை. மைதானம் காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது. கங்கப்பன் சட்டென்று ஆஞ்சப்பனை விட்டுவிட்டு இடப்பக்கம் பாய்ந்தான், யாரையோ தடுக்க. ஆஞ்சப்பன் முன்னால் வழி திறந்தது. பந்து அவன் இடது காலில் விழுந்தது. அவனுக்கு எந்தக் காலத்திலும் இடது கால் உதவினதில்லை, ஊன்றிக்கொள்ள மட்டும்தான் அது. அந்த இடது கால் தானாக உயர்ந்து அடித்தது. கோல் காக்கிறவன் அசையக்கூட இல்லை.

கூட்டம் உள்ளே புகுந்து ஆஞ்சப்பனைத் தூக்கியது. இறக்கிவிட்டபோது எதிரில் கங்கப்பன் நின்றிருந்தான். கை கொடுத்தான். முகத்தில் குழப்பம்.

“நல்லா ஏமாத்திப்புட்டீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு அடிச்சது?”

“எந்த ரெண்டு பேரு?”

“உன் எடப்பக்கம் வந்தானே, மண்ணு பூசின ஆளு. வாயிலகூட மண்ணு இருந்துச்சு. அவனத் தடுக்கத்தான் நான் போனன்.” கங்கப்பன் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தான். “எங்க அவன்?”

ஆஞ்சப்பன் கையை உருவிக்கொண்டான்.

நாராயணப்பன் வாக்குத் தவறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மறுநாளே ஆஞ்சப்பனுக்கு வேலை. நிரந்தர வேலை. மண் குழியில், திம்மராயன் பார்த்த அதே வேலை, திம்மராயன் பேரில்.

“என் பேர்ல இல்லயா?”

“உன் பேர்ல போட்டா திம்மராயன் எங்கன்னு கேப்பான். சேலத்துக்காரன் கேஸு குடுப்பான், கப்ப புடுங்கிக்குவாங்க. மொதலாளி அத வூட்டு நடுவுல வெச்சிருக்கறாரு. நீதான் திம்மராயன். எல்லாருக்கும் ஒத்துப் போச்சு, உனக்கு என்னா?”

“அந்தம்மா கருமாதி பண்ணணுங்கறாங்க.”

“உசுரோட வேலை செய்யறவனுக்குக் கருமாதியா? போய்யா. ரெண்டு வருஷம் போவட்டும் பாக்கலாம்.” நாராயணப்பன் வெற்றிலையைத் துப்பினார். “மொட்டத் தலையோட எவனாவது கேட்டுக்குள்ள வந்தான், அன்னிக்கே வெளிய.”

ஆஞ்சப்பன் குழியில் இறங்கினான். மண்வெட்டிப் பிடி அவன் உள்ளங்கைக்குப் பொருந்தியது. முழங்கால் வலி சுத்தமாக நின்றுவிட்டது. மைதானத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிற்கிற வலி, இப்போது எங்கேயும் இல்லை. திம்மராயா என்று கூப்பிட்டால் முதலில் கொஞ்சம் தாமதித்துத் திரும்பினான். பிறகு உடனே திரும்பினான். பிறகு யாரும் கூப்பிடும் முன்பே நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினான். ஜமீர் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மாதம்மாள் ஒரு நாளும் அவனுக்கு வாக்கை ஞாபகப்படுத்தவில்லை. சோறு போட்டாள். விளக்கு வைத்தாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் தள்ளிக்கொண்டே போனான். கிடைத்ததை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து, சூரியன் இறங்கும் முன்னே வீட்டுக்கு வந்தான். நல்ல தாகம். மாதம்மாள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“என்னா பண்ற?”

ஆஞ்சப்பன் குனிந்து பார்த்தான். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முதுகு அந்தச் செம்மண் கறையின் மேல் இருந்தது. கையில் சொம்பு. காலி. எப்போது உட்கார்ந்தோம், எப்போது குடித்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. படியிலிருந்து மூலை வரைக்கும் ஈரச் செம்மண்ணில் சின்னப் பாத அடிகள் இருந்தன. அவன் ஒரு அடியின் மேல் தன் பாதத்தை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

மாதம்மாளும் பார்த்தாள். மகன் திரும்பி வந்த சந்தோஷம் ஒரு கணம் அவள் முகத்தில் வந்தது. அதைப் பார்த்துத்தான் ஆஞ்சப்பனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அவள் அந்தச் சந்தோஷத்தை விழுங்கிக்கொண்டாள்.

“நீ என் மவன் இல்ல,” என்றாள், மெதுவாக. “நீ வேற யாரோ ஒருத்தி பெத்த புள்ள. எந்திரி. காலையில ஆத்துக்குப் போலாம்.”

விடிந்ததும் போனார்கள். கம்பெனிக்குத் தெரியாத தூரத்தில், தென்பெண்ணைக் கரையில் வேறொரு ஊர்த் துறை. அந்த ஊர் நாவிதரைத்தான் மாதம்மாள் முன்னாலேயே பேசி வைத்திருந்தாள். வயசானவர், வெங்கடப்பன் என்று பேர். முடி எடுப்பதும் காரியம் சொல்லிக் கொடுப்பதும் அவரே. ஆஞ்சப்பன் தண்ணீரில் முழுகி எழுந்து, கல்லின் மேல் உட்கார்ந்தான். கத்தி மண்டையில் ஓடியது. மயிர்க் கற்றைகள் தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிரந்தர வேலையும் அதோடு போவது தெரிந்தது. இனி ஒட்டவைக்க முடியாது.

பிண்டத்தைப் பிடித்து இலையில் வைத்ததும் வெங்கடப்பன் கேட்டார்:

“செத்தவரு பேரு என்னங்க?”

“திம்மராயன்.”

“காரியம் பண்றவரு பேரு?”

ஆஞ்சப்பன் வாயைத் திறந்தான். “திம்மராயன்,” என்றான்.

வெங்கடப்பன் கையை எடுத்தார். “அது செத்தவருதுங்க. உங்க பேரு.”

அவன் தேடினான். பெங்களூர் தண்டு ஞாபகம் வந்தது. காப்பித் தோட்டத்து அட்டைப்பூச்சி ஞாபகம் வந்தது. அவன் போட்ட சட்டைகளின் நிறமெல்லாம் வந்தது. கோபால் ராவ் வந்தது, சின்னதுரை வந்தது. அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டியது வரவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில், இடுப்பளவு நாணலுக்கு நடுவே, ஒருவன் நிற்கிற உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் காற்றில் அசையாமல் இருந்தது. காக்கைகள் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொத்தாமல், தலையைச் சாய்த்துப் பார்த்தன.

“மறந்து போச்சு,” என்றான் ஆஞ்சப்பன். அவன் குரலே அவனுக்கு வேறாகக் கேட்டது.

மாதம்மாள் அவன் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அவன் பேர் தெரியும், முதல் நாள் நாராயணப்பன் சொல்லியிருந்தார். அவள் சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் போதும், மகன் பேரோடு ஒருவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், மூலையில் சாய்ந்து உட்காருவான். அவள் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது.

“ஆஞ்சப்பா,” என்றாள் கடைசியில். “ஆஞ்சப்பா, சொல்லுப்பா.”

“ஆஞ்சப்பன்,” என்றான் அவன். “ராயக்கோட்டை. என் பேரு ஆஞ்சப்பன்.”

சொல்லி முடிக்கும் முன்னே வலது முழங்காலில் ஆணி இறங்கியது. இத்தனை நாள் சேர்த்து வைத்த வலி மொத்தமும் ஒரேயடியாக வந்து, கண்ணில் நீர் தள்ளியது. கல்லைப் பிடித்துக்கொண்டான். எதிர்க்கரையில் நாணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசைந்தது. ஒரு காக்கை தத்திவந்து பிண்டத்தைக் கொத்தி எடுத்துக்கொண்டு போயிற்று.

காரியம் முடிந்து கரை ஏறும்போது அவனால் காலை மடக்க முடியவில்லை. மாதம்மாள் தோள் கொடுத்தாள். மேலே ரோட்டுக்கு வர வெகுநேரம் ஆயிற்று. இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி எந்த மைதானத்திலும் இறங்க முடியாது, இந்தத் தலையை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் நுழையவும் முடியாது.

“வலிக்குதா?” என்றாள்.

“வலிக்குது,” என்றான் ஆஞ்சப்பன். நின்று, முழங்காலைக் கையால் அழுத்திப் பார்த்தான். நன்றாக வலித்தது. “என்னுதுதான்,” என்றான்.